ராப்டர்ஸின் முப்பது வரிகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற கிழமை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில், ரொறன்ரோ ராப்டர்ஸ் அணி முப்பது பருவங்களை முடித்ததை ஒட்டி ஒரு கட்டுரை வந்திருந்தது. தமிழில் கூடைப்பந்தைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. அதற்காக முதலில் நன்றி. ஆனால் வாசித்து முடித்தபோது மனம் ஒப்பவில்லை. கட்டுரையின் முக்கால் பங்கு 2019 சம்பியன் கிண்ணம். மிச்சம் 29 பருவங்களுக்கும் சேர்த்து, நீண்டகாலம் தடுமாறிய அணி என்று ஒரே ஒரு வசனம். அதோடு, 2018இல் வீரர் டிமார் டெரோசனை வேறு அணிக்குக் கொடுத்துக் கவாய் லெனார்டை வாங்கியதை ரசிகர்கள் எல்லோரும் வரவேற்றார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். நான் வரவேற்கவில்லை. என் மகன் அன்று இரவு சாப்பிடவே இல்லை.

என்னிடம் ஒரு கொப்பி இருக்கிறது. 1994இல் கனடா வந்து, ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்ரில் இருந்துகொண்டு, கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இரவு வேலை செய்த காலத்தில் தொடங்கியது. ஒவ்வொரு பருவம் முடியவும் ஒரு வரி எழுதுவேன். வெற்றி எத்தனை, தோல்வி எத்தனை, பக்கத்தில் ஒரு குறிப்பு. 2024-25 பருவத்தோடு முப்பது வரிகள் ஆகிவிட்டன. உங்கள் கட்டுரையை வாசித்த பிறகு சமையலறை மேசையில் இருந்து எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். 1126 வெற்றி, 1266 தோல்வி. வென்றதைவிட 140 ஆட்டம் கூடுதலாகத் தோற்றிருக்கிறோம். வெற்றி கூடிய பருவங்கள் 12, சரிபாதியாக முடிந்தவை 2, தோல்வி கூடியவை 16. இந்த 16ஐ விட்டுவிட்டு இந்த அணியின் கதையைச் சொல்ல முடியாது ஐயா.

முதல் வரி: 1995-96, 21 வெற்றி, 61 தோல்வி. அந்த வருடம் புதுமுக வீரர்களைத் தெரிவு செய்யும் நிகழ்ச்சியே ரொறன்ரோ ஸ்கைடோமில்தான் நடந்தது. ராப்டர்ஸ் ஏழாவதாக டேமன் ஸ்டவுடமயரை எடுத்தபோது சொந்த ஊர்ச் சனமே கூச்சல் போட்டது. ஆள் மிகவும் கட்டை, இவரை வைத்து என்ன செய்வது என்று. அதே ஸ்டவுடமயர் அந்தப் பருவத்தின் சிறந்த புதுமுக வீரர் ஆனார்.

என்னோடு வேலை செய்த ஜமெய்க்கர் ஒருவரிடம் இரண்டு ரிக்கெற் இருந்தது. அவருடைய தம்பிக்கு வர முடியவில்லை, என்னைக் கூட்டிப்போனார். 1996 மார்ச் 24, ஞாயிற்றுக்கிழமை. எதிரணி மைக்கல் ஜோர்டனின் சிகாகோ புல்ஸ். அந்தப் பருவத்தில் புல்ஸ் 72 வென்று 10 மட்டுமே தோற்ற அணி. ஸ்கைடோம் பேஸ்போலுக்குக் கட்டிய மைதானம். நாங்கள் இருந்த உயரத்திலிருந்து பார்த்தால் வீரர்கள் தீக்குச்சி அளவுதான். ஸ்டவுடமயர் 30 புள்ளி எடுத்தார். 109-108, ராப்டர்ஸ் வென்றது. 36,000 பேருக்கு மேல் எழுந்து நின்றார்கள். இந்த நாட்டில் முன்பின் தெரியாத ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்தது அன்றுதான் முதல் தடவை. புல்ஸ் தோற்ற பத்தில் ஒன்று எங்கள் ஊரில் என்று நான் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வேன்.

1996-97, 30-52. அந்த வருடத்துக் குறிப்பு முக்கியமானது. முதல் தெரிவு யாருக்கு என்று போட்ட குலுக்கலில் விழுந்தது ராப்டர்ஸ்தான். ஆனால் கனடாவின் இரண்டு புது அணிகளும் ஆரம்ப ஆண்டுகளில் முதல் தெரிவைப் பெறக்கூடாது என்பது என்.பி.ஏ. லீக்கில் சேரும்போதே போட்ட நிபந்தனை. அதனால் அது பிலடெல்பியாவுக்குப் போனது. அவர்கள் எடுத்தது அலன் ஐவர்சனை. இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே வாசியுங்கள்.

1997-98, 16-66. இந்த அணியின் மிக மோசமான பருவம் இதுதான். தொடர்ந்து 17 ஆட்டம் தோற்றார்கள். அணியைக் கட்டிய ஐசையா தோமஸ் விலகினார், ஸ்டவுடமயரைப் போர்ட்லண்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். வேலைத்தலத்தில் ரேடியோவில் கேட்போம். மூன்றாம் பகுதி முடிய முதலே ஒருவர் எழும்பி வேறு நிலையம் வைத்துவிடுவார். ஆனால் அதே பருவத்தில்தான் ட்ரேசி மக்ரேடி என்ற பதினெட்டு வயதுப் பொடியன் வாங்கில் இருந்து எழும்பத் தொடங்கினான்.

இந்த இடத்தில் என் மனைவியைப் பற்றியும் சொல்லவேண்டும். அவர் ஊரில் பாடசாலை வலைப்பந்து அணியில் கூடைக்கு எறிபவராக ஆடியவர். முதன்முதல் ரீவியில் ராப்டர்ஸ் பார்த்தபோது அவருக்கு ஒரே வியப்பு. வலைப்பந்தில் பந்து கைக்கு வந்தால் அதோடு ஓடக்கூடாது, வளையத்துக்குப் பின்னால் பலகையும் கிடையாது. இவர்களுக்குத் தட்டிக்கொண்டு ஓடவும் விடுகிறார்கள், பலகையும் வைத்துக் கொடுக்கிறார்கள், அப்படியும் தவறவிடுகிறார்களே என்றார். தனி எறிகை தவறினால் இன்றும் அவருக்குப் பொறுக்காது. எங்கள் வீட்டில் ஆட்டத்தைச் சரியாகப் பார்ப்பவர் அவர்தான், எழுதி வைப்பவன் மட்டும்தான் நான்.

1998-99, முதலாளிகளும் வீரர்களும் ஊதியத்தில் முரண்பட்டு 50 ஆட்டமாகக் குறைந்த பருவம், 23-27. பருவத்தின் நடுவில் ஸ்கைடோமை விட்டு யூனியன் ஸ்ரேஷன் பக்கத்தில் புது அரங்குக்குப் போனார்கள். வின்ஸ் கார்ட்டர் வந்ததும் அந்த வருடம்தான். அடுத்த பருவம் 45-37, முதல் தடவையாகப் பிளேஓஃப் என்ற வெளியேற்றச் சுற்றுகள். நியூயோர்க் மூன்றுக்குப் பூச்சியம் என்று அனுப்பிவிட்டது. ஆனால் 2000 மாசியில் ஓக்லண்டில் நடந்த, பாய்ந்து பந்தை வளையத்துக்குள் திணிக்கும் டங்க் போட்டியில் கார்ட்டர் பறந்ததைப் பார்த்த பிள்ளைகள் யாரும் அதை மறக்கவில்லை. அப்போது என் மகனுக்கு நாலு வயது. சோபாவிலிருந்து குதித்து முன்பல் ஒன்றை உடைத்துக்கொண்டான். இன்று இந்த நாட்டில் பிறந்து என்.பி.ஏ.யில் ஆடும் பெடியன்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். அவர்களில் பலர் அந்த இரவைச் சொல்வார்கள். உங்கள் கட்டுரையில் கார்ட்டரின் பெயரே இல்லை.

2000-01, 47-35. நியூயோர்க்கை வென்று இரண்டாம் சுற்றில் பிலடெல்பியா. குலுக்கலில் எங்களுக்கு விழுந்தும் கிடைக்காத ஐவர்சன் அங்கே நிற்கிறார். இரண்டாவது ஆட்டத்தில் அவர் 54 புள்ளி. மூன்றாவதில் கார்ட்டர் 50. ஐந்தாவதில் ஐவர்சன் 52. ஏழாவது ஆட்டம் மே 20. அன்று காலை கார்ட்டர் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் தன் பட்டமளிப்பு விழாவுக்குப் போய்விட்டுப் பின்நேரம் ஆட்டத்துக்கு வந்தார். கடைசி இரண்டு விநாடியில் பந்து அவர் கையில். எறிந்தார், வளையத்தில் பட்டு வெளியே போனது. 88-87. நாங்கள் மார்க்கத்தில் அண்ணர் வீட்டில், ஒரு பிறந்தநாளுக்குப் போன இடத்தில், கேக் வெட்டாமல் நின்று பார்த்தோம். பட்டமளிப்புக்குப் போனது பிழை என்று ஊரெல்லாம் ஏசினார்கள். நான் அன்றும் ஏசவில்லை. தாய்க்குக் கொடுத்த வாக்கு அது. படிப்பை முடித்தவன் பட்டம் வாங்கப் போவதைப் பிழை என்று எங்கள் ஆக்கள் எப்படிச் சொல்லலாம்?

2001-02இல் 42-40, அதன்பின் 24-58, 33-49, 33-49, 27-55. வன்கூவர் அணி மெம்பிஸுக்குப் போய்விட, கனடா முழுவதுக்கும் எஞ்சியது இந்த ஒரு அணிதான். அதுவும் தோற்றுக்கொண்டே இருந்தது.

2004 மார்கழி 17 வெள்ளிக்கிழமை கார்ட்டரை நியூஜேர்சிக்குக் கொடுத்தார்கள். பதிலுக்கு வந்தவர்களில் பெரிய பெயர் அலோன்சோ மோர்னிங், அவர் ராப்டர்ஸுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. மகனுக்கு எட்டு வயது. 15ஆம் இலக்கம் போட்ட ஊதாச் சட்டையைக் கழற்றித் தாயிடம் கொடுத்தான். அவர் அதை மடித்து, ஊரிலிருந்து கொண்டுவந்த சூட்கேசுக்குள் வைத்தார். கார்ட்டர் இங்கே எதிரணியாக வந்த ஒவ்வொரு தடவையும் சனம் கூச்சலிட்டது. நானும் ரீவிக்கு முன்னால் இருந்து கூச்சலிட்டேன். ஆள் போக விரும்பினார் என்பது உண்மைதான், ஆனால் கூச்சலிட்டது சரியா என்று பிறகு யோசித்திருக்கிறேன்.

2005-06இன் குறிப்பு ஒரே ஒரு எண்: 81. 2006 ஜனவரி 22, லொஸ் ஏஞ்சலஸ். அரைநேரத்தில் ராப்டர்ஸ் 14 புள்ளி முன்னால் நின்றது. பிறகு கோபி பிரயன்ட் தொடங்கினார். 122-104. மற்ற ஊர்க்காரர்களுக்கு அது கோபியின் கதை. ஆனால் அந்த 81 விழுந்தது எங்கள் கூடையில்.

அப்புறம் கிறிஸ் பாஷ் காலம். 2006-07 நன்றாக இருந்தது, 47-35, முதல் தடவையாகப் பிரிவில் முதலிடம். பிளேஓஃபில் தோற்கடித்ததும் கார்ட்டரின் நியூஜேர்சிதான். அடுத்தது 41-41.

2008-09, 33-49. அந்த வரிக்கு எதிரே என் கொப்பியில் குறிப்பு எதுவும் இல்லை. அந்தத் தையிலிருந்து வைகாசி வரை நாங்கள் கூடைப்பந்து பார்க்கவில்லை. ஊரில் போரை நிறுத்தச் சொல்லி யூனிவர்சிற்றி அவனியூவில் நின்றோம். வெற்றி தோல்வி எண்களைக்கூட அடுத்த வருடம்தான் பத்திரிகை பார்த்து நிரப்பினேன். குறிப்பை நிரப்ப மனம் வரவில்லை, அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

2010இல் பாஷ் மயாமிக்குப் போனார். இந்த அணிக்கு வருபவர்கள் எல்லோரும் ஒருநாள் போகத்தான் போகிறார்கள் என்று எங்களுக்கே ஒரு நினைப்பு வந்துவிட்டது. மக்ரேடி போனார், கார்ட்டர் போனார், பாஷ் போனார். குளிர், வரி, எல்லைக் கடவை என்று காரணம் சொல்வார்கள். அப்போது ஒரு வருடம் மட்டும் ஆடியிருந்த டெரோசன், கவலைப்படாதீர்கள், நான் இருக்கிறேன் என்ற மாதிரி எழுதினார். 22-60, 23-43, 34-48. அந்த மூன்று பருவத்திலும் இருந்தார். எங்கேயும் போகவேண்டும் என்று கேட்கவில்லை. பேசாமல் ஒவ்வொரு கோடையும் ஒரு புது வித்தை பழகிக்கொண்டு வந்தார்.

2012இல் கைல் லாவ்ரி வந்தார், 2013இல் நிர்வாகத்துக்கு மசாய் உஜிரி வந்தார். அந்த மார்கழியில் வீரர் ரூடி கேயை சக்ரமென்ரோவுக்குக் கொடுத்தபோது, சரி, இந்த வருடமும் கைவிட்டாயிற்று என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் அங்கேயிருந்துதான் அணி எழும்பியது. 48-34. புரூக்ளினோடு ஏழாவது ஆட்டம், கடைசி விநாடி, லாவ்ரியின் எறிகையைப் புரூக்ளினின் பியர்ஸ் தடுத்தார், 104-103 என்று தோற்றோம். லாவ்ரி தரையில் கிடக்க டெரோசன் குனிந்து தூக்கிவிட்டதுதான் அந்த வருடத்துக்கு நான் எழுதிய குறிப்பு. மகன் அரங்குக்கு வெளியே சதுக்கத்தில் பெரிய திரைக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டு விடியச் சாமத்தில் வீடு வந்தான்.

அதன்பின் 49, 56, 51, 59 வெற்றிகள். 2016, 2017, 2018 மூன்று வருடமும் வழிமறித்தது லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லண்ட். கடைசி இரண்டு தடவையும் நாலுக்குப் பூச்சியம். 59 வெற்றி எடுத்த பயிற்றுநர் டுவெய்ன் கேசியை அனுப்பிவிட்டார்கள். அவரை அனுப்பிய பிறகுதான் அவருக்கு அந்த ஆண்டின் சிறந்த பயிற்றுநர் விருது வந்தது. 2018 ஜூலையில் டெரோசனை சான் அன்ரோனியோவுக்குக் கொடுத்தார்கள்.

ஐயா, இதைத்தான் நீங்கள் எல்லோரும் வரவேற்றதாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்பது பருவம் ஆடியவர். எல்லோரும் விட்டுப்போன ஊரில் இருப்பேன் என்று இருந்தவர். அவரைக் கொடுத்து வாங்கியவரோ இங்கே வர விரும்பினாரா என்றே தெரியாத ஒரு மனிதர், ஒப்பந்தத்தில் ஒரு வருடம்தான் மிச்சம். கணக்காகப் பார்த்தால் உஜிரி செய்தது சரி, பதினொரு மாதத்தில் அது நிரூபணமானது. ஆனால் அன்று வலித்தது. கிண்ணம் வந்த பிறகு, அன்றைக்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி என்று எழுதினால் அது வரலாறு ஆகாது.

2018-19 பற்றி நீங்கள் எழுதியதில் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மே 12, அன்னையர் தினம், மீண்டும் பிலடெல்பியா, மீண்டும் ஏழாவது ஆட்டம், மீண்டும் மூலையிலிருந்து கடைசி எறிகை. கவாய் எறிந்த பந்து வளையத்தில் நாலு தடவை துள்ளியது. அந்த நாலு துள்ளலுக்குள் எனக்கு 2001தான் கண்ணுக்குள் வந்தது. பந்து உள்ளே விழுந்தது, 92-90. அண்ணர் தொலைபேசியில் எடுத்து, ஒன்றும் கதைக்காமல் அழுதார். 2001ஐத் தெரியாத ஒருவருக்கு அந்தப் பந்து ஏன் அவ்வளவு நேரம் வளையத்தில் நின்றது என்று விளங்கப்படுத்த முடியாது. ஜூன் 13இல் இறுதித் தொடரில் கோல்டன் ஸ்டேட்டை அவர்கள் அரங்கிலேயே 114-110 என்று வென்றதைவிட எனக்கு அந்த ஞாயிறுதான் பெரிது.

இன்னொன்றும் சொல்கிறேன், சிலர் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். என்னைக் கேட்டால் இந்த அணியின் மிகச் சிறந்த பருவம் அடுத்ததுதான். கவாய் போய்விட்டார். எஞ்சியவர்கள் லாவ்ரி, 27ஆவதாகத் தெரிவான பாஸ்கல் சியாகம், யாருமே தெரிவு செய்யாத ஃப்ரெட் வான்விலீட் போன்றவர்கள். 53-19 எடுத்தார்கள். வெற்றி வீதத்தில் இதுவே முப்பது வருடத்திலும் உச்சம். நடுவில் கொரோனா வந்து, மூடிய வளாகத்துக்குள் சனமில்லாமல் ஆடி, போஸ்டனிடம் ஏழாவது ஆட்டத்தில் 92-87 என்று தோற்றார்கள். அடுத்த வருடம் எல்லை மூடியதால் சொந்த ஆட்டங்களையே புளோரிடாவின் தம்பாவில் ஆடினார்கள், 27-45. தொழிற்சாலையில் நான் முகக்கவசத்தோடு இரவு வேலை செய்த வருடம் அது. ஊரில் இல்லாத சொந்த அணியை இடைவேளையில் கைத்தொலைபேசியில் பார்ப்பேன்.

2022-23, 41-41. சிகாகோவோடு ஒரே ஒரு ஆட்டம், வென்றால் அடுத்த படி. டெரோசன் இப்போது எதிரணியில். அவருடைய சின்ன மகள் அரங்கில் இருந்து, நாங்கள் தனி எறிகைக்கு நிற்கும்போதெல்லாம் வீரிட்டுக் கத்தினாள். 36 தனி எறிகையில் 18 தவறியது. தோற்றது நாலு புள்ளியால், 109-105. என் மனைவி ஒவ்வொன்றையும் விரல்விட்டு எண்ணினார். பதினெட்டாவதோடு எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார்.

பிறகு 25-57, 30-52. வான்விலீட், அனுனோபி, சியாகம் ஒவ்வொருவராகப் போனார்கள். 2025 ஜூனில் உஜிரியும் விலகினார். ஸ்கொட்டி பார்ன்ஸை வைத்துத் திரும்பவும் அடியிலிருந்து கட்டத் தொடங்கினார்கள். 2024 நவம்பர் 2இல் கார்ட்டரின் 15ஆம் இலக்கத்தை அரங்கின் கூரைக்கு ஏற்றினார்கள். இந்த அணி அப்படி ஏற்றிய முதல் இலக்கம் அது. ஒருகாலத்தில் கூச்சலிட்ட சனம் எழுந்து நின்று கைதட்டியது. அன்று காலை மகன் வீட்டுக்கு வந்து, அந்தச் சூட்கேஸ் எங்கே அம்மா என்று கேட்டான். சட்டை இப்போது எங்கள் வரவேற்பறைச் சுவரில் தொங்குகிறது.

ஆசிரியர் ஐயா, அடுத்த பருவம் ஐப்பசியில் தொடங்குகிறது. அதற்கு முன் முப்பது பருவங்களையும் வரி வரியாக, வெற்றி தோல்வியோடு, ஒரு பக்கத்தில் போடுங்கள். எங்கள் பிள்ளைகளில் பலர் இந்த அணியைப் பார்த்துத்தான் இந்த நகரத்தோடு ஒட்டினார்கள். அவர்கள் இப்போது தங்கள் பிள்ளைகளுக்கு அதைத் தமிழில் வாசித்துக் காட்டட்டும். மற்ற வாசகர்களும் தாங்கள் எந்தப் பருவத்தில் எங்கே இருந்து பார்த்தார்கள் என்று எழுதினால் இன்னும் நன்று. என் கொப்பியை உங்கள் அலுவலகத்துக்கு ஒரு சனிக்கிழமை கொண்டுவந்து தருகிறேன். படியெடுத்துவிட்டுத் திருப்பித் தந்தால் போதும். 2008-09க்கு எதிரே உள்ள வெற்றிடத்தை அப்படியே விடுங்கள். இடம் போதவில்லை என்றால் 2019இன் வரியைச் சுருக்குங்கள், 16-66ஐ எடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகன்,
ஸ்காபரோ.